வேண்டப்பட்டவன் யார்?

சேலம் குகையிலோ அம்மாப்பேட்டையிலோ தறிக்குழியில் காலை வைத்து நாடா ஓட்டும் நெசவாளியிடம், "சிம்லா எங்கே இருக்கிறது?" என்று கேட்டால் சிரிப்பான். ஆனால் 1933இல் அவன் வீட்டு உலைக்கு அரிசி உண்டா இல்லையா என்ற கேள்வி அந்த மலையூர் மாநாட்டோடும் பின்னிக் கிடந்தது. பழைய கதைதானே என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள், தோழர்களே!

1904 ஆகஸ்டு 29இல் இந்தியாவுக்கும் ஜப்பானுக்கும் ஒரு வாணிப உடன்படிக்கை ஏற்பட்டது. இந்தியாவின் பெயரால் கையெழுத்திட்டவர் யார்? பிரிட்டிஷ் தூதர்! வேறு எந்த அயல்நாட்டுச் சரக்குக்கும் உள்ள குறைந்த வரியே ஜப்பான் சரக்குக்கும் என்பது அதன் சாரம். இதற்கு 'மிகவும் வேண்டப்பட்ட நாடு' என்று பெயர். ஆனால் இங்கிலாந்து மட்டும் இந்தக் கணக்கில் அயல்நாடு அல்ல. அது எஜமான நாடு!

1931 டிசம்பரில் ஜப்பான் தங்க நாணய முறையைக் கைவிட்டது; யென் மதிப்பு சரிந்தது; ஜப்பான் துணி மலிந்து குவிந்தது. லங்காஷயர் முதலாளி அலறினான். பம்பாய் முதலாளியும் அலறினான். பிரிட்டிஷ் அல்லாத துணிக்கு வரி 1932 ஆகஸ்டில் 50 விழுக்காடாயிற்று; 1933 ஜூனில் 75 ஆயிற்று. பிரிட்டிஷ் துணிக்கோ 25தான். ஜப்பானை மட்டும் தனியே தாக்க 1904 உடன்படிக்கை தடையாக இருந்ததால், அதை முடித்துக்கொள்ள 1933 ஏப்ரலில் முன்னறிவிப்பும் தரப்பட்டது.

ஜப்பான் சும்மா இருக்குமா? "உங்கள் பருத்தி எங்களுக்கு வேண்டாம்" என்று அந்நாட்டு ஆலைகள் கைவிரித்தன. இந்தியப் பஞ்சை அதிகம் வாங்கியவர்களே அவர்கள்தாம். அடி யார் முதுகில்? பருத்தி விதைத்தவன் முதுகில்!

பிறகுதான் சிம்லாப் பேச்சு. அது முடியும் வரை பழைய உடன்படிக்கைக்குத் தற்காலிகமாக உயிர் நீட்டினார்கள். 1934இல் முடிவான கணக்கு இது: ஜப்பான் 10 லட்சம் பொதி பருத்தி வாங்கினால் 32½ கோடி கெஜம் துணி விற்கலாம், 15 லட்சம் பொதி வாங்கினால் 40 கோடி கெஜம் விற்கலாம், வரி 50 விழுக்காடு. இதற்கும் ஆயுள் 1937 மார்ச் 31 வரைதான்!

பஞ்சுக்குக் கணக்கு உண்டு. ஆலைத் துணிக்குக் கணக்கு உண்டு. இராசிபுரத்திலும் திருச்செங்கோட்டிலும் தறி நெய்தவனுக்கு என்ன கணக்கு? மலிந்த அயல்துணி அவன் வேட்டியையும் சேலையையும் சந்தையில் வீழ்த்தியது. ஆலை முதலாளியைக் காக்க 1927 முதல் அயல்நூலுக்கு ராத்தலுக்குக் குறைந்தது 1½ அணா வரி போட்டார்கள். அது அவன் வாங்கும் நூலின் விலையில் ஏறியது. துணி வந்தாலும் அடி. வரி வந்தாலும் அடி! 1935இல் சென்னை மாகாணக் கைத்தறி நெசவாளர் கூட்டுறவுச் சங்கம் பிறந்த பிறகுதான், இன்றைய கோ-ஆப்டெக்ஸ் வடிவில், அவன் சாய்ந்துகொள்ள ஒரு தூண் கிடைத்தது.

1937இல் அந்த ஏற்பாட்டைத் திருத்திப் புதுப்பித்தார்கள். 1941 ஜூலையில் ஜப்பானின் சொத்துகளையே முடக்கினார்கள். டிசம்பரில் போர்! நேற்று 'வேண்டப்பட்ட நாடு', இன்று பகை நாடு. பேரரசுகளின் நட்பு அவ்வளவுதான்.

இன்று நம் பெயரால் அயலான் கையெழுத்திடுவதில்லை. ஆயினும் 2025 ஆகஸ்டு 27இல் இந்தியச் சரக்குகள் பலவற்றின் மீது அமெரிக்கா 50 விழுக்காடு வரியை நடைமுறைப்படுத்தியபோது, திருப்பூர்த் தொழிலாளிதானே வேலை இருக்குமா என்று விழித்தான்? வரி போடுவது வாஷிங்டனில்; வயிறு காய்வது இங்கே.

ஆகவே தோழர்களே, தில்லி எந்த நாட்டோடு வாணிப ஒப்பந்தம் பேசினாலும், அது பெரியவர்கள் விவகாரம் என்று ஒதுங்காதீர்கள். நூல் விலை என்ன ஆகும், கூலி என்ன ஆகும், தறி ஓடுமா என்று சங்கக் கூட்டத்தில் கேளுங்கள்; உங்கள் பிரதிநிதியிடம் கேளுங்கள். கையெழுத்தான பிறகு அல்ல, கையெழுத்தாகும் முன்பே கேளுங்கள்: இந்த ஒப்பந்தத்தில் வேண்டப்பட்டவன் யார்?