விதை நெல்லும் காப்புப் பிரதியும்

ஊரை விட்டு வெளிக்கிட்டபோது முதலில் எதை எடுத்தீர்கள் என்று கேட்டால், எமது மக்களில் பலர் சொல்லும் பதில் ஒன்றுதான்: காணி உறுதி, பிறப்புச் சாட்சிப் பத்திரம், அடையாள அட்டை, வங்கிப் புத்தகம் எல்லாவற்றையும் போட்டுச் சுற்றிய பை. நெல் மூடைகளை விட்டு வந்தவர்கள்கூட அந்தப் பையை விடவில்லை. வழியில் அதைத் தொலைத்தவர்கள் பட்ட பாட்டையும் நாம் அறிவோம்.

இன்று எமது பெயர்களும் விபரங்களும் பல அலுவலகங்களின் கணனிகளில் இருக்கின்றன. அந்தக் கணனிகளைக் கவனித்துக் காப்பவர் யார்? அந்த வேலையை எமது பிள்ளைகள் கற்க முடியாதா?

இதை நாம் கேட்பதற்குக் காரணம் உண்டு. பல வருடங்களுக்கு முன் நாம் பணியாற்றிய ஒரு நிலையத்தில் குடும்பப் பதிவுகள் முழுவதும் ஒரே கணனியில் இருந்தன. அவற்றின் காப்புப் பிரதியும் அதே கணனியின் வன்தட்டில்தான் இருந்தது. தட்டு பழுதானபோது இரண்டும் ஒன்றாகப் போயின. ஏற்கெனவே மூன்று முறை பெயர் கொடுத்த தாய்மார் நான்காம் முறையும் வரிசையில் நின்றார்கள். "சுவாமி, எங்கட பேரை எத்தனை தரம்தான் எழுதுவியள்?" என்று ஒரு தாய் கேட்டார். எம்மிடம் பதில் இருக்கவில்லை.

பகிர்ந்து கொள்ளும் விதை

கணனியின் எல்லாப் பாகங்களையும் இணைத்து வேலை வாங்கும் அடிப்படை மென்பொருளைப் பணிசெயல் முறைமை என்பர். 1969இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தில் கென் தொம்சனும் டெனிஸ் ரிச்சியும் யுனிக்ஸ் என்ற முறைமையைத் தொடங்கினர். 1983இல் ரிச்சர்ட் ஸ்டோல்மன், அதைப் போன்ற, ஆனால் எவரும் பயன்படுத்தவும் படிக்கவும் திருத்தவும் பிறருக்குக் கொடுக்கவும் கூடிய முறைமையொன்றை ஆக்கப் போவதாக அறிவித்தார். அதன் பெயர் குனூ. 1991இல் பின்லாந்தின் ஹெல்சிங்கிப் பல்கலைக்கழகத்தில் படித்துக் கொண்டிருந்த 21 வயது மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ், முறைமையின் கருப்பகுதியை எழுதி எல்லோருக்கும் வெளியிட்டார். இவை சேர்ந்ததையே இன்று லினக்ஸ் என்கிறோம். எமது கையிலுள்ள அன்ட்ரொயிட் தொலைபேசிக்குள்ளும் அதே லினக்ஸ் கருவே இருக்கிறது.

விவசாயிகளுக்கு இது புதிய விடயமல்ல. அயலவர் தந்த விதை நெல்லை விதைத்து, அடுத்த போகத்தில் இன்னொருவருக்குக் கொடுப்பது போன்றதே இது. ஒரு நிபந்தனை மட்டும் உண்டு. லினக்ஸ் கருவைத் திருத்திப் பிறருக்குக் கொடுப்பவர், திருத்திய மூலத்தையும் அதே உரிமையுடன் கொடுக்க வேண்டும்.

எதிலிருந்து தொடங்குவது?

புதிய கணனி தேவையில்லை. விண்டோஸ் 10க்கான வழமையான ஆதரவு 2025 ஒக்டோபர் 14ஆம் திகதி முடிவடைந்தது. விண்டோஸ் 11ஐ ஏற்காத பல பழைய கணனிகள் ஒதுக்கப்படுகின்றன. அவற்றிற் பெரும்பாலானவை லினக்ஸுக்குப் போதுமானவை. டெபியன், உபுண்டு போன்ற தொகுப்புகளை ஒருவர் பதிவிறக்கி, பென் டிரைவில் போட்டு, ஊர் முழுவதும் கைமாற்றலாம். அது களவல்ல, அனுமதிக்கப்பட்டதே. வன்தட்டைத் தொடாமல் பென் டிரைவிலிருந்தே இயக்கிப் பார்க்கவும் முடியும்.

முதற் பாடம், கறுப்புத் திரையில் கட்டளைகளைத் தட்டிப் பழகுவது. 'மான்' என்று தட்டி ஒரு கட்டளையின் பெயரையும் எழுதினால், அந்தக் கட்டளைக்கான கைநூல் திரையில் வரும். அதற்கு இணைய இணைப்பு வேண்டியதில்லை.

இரண்டாம் பாடம் உரிமைகள். ஒவ்வொரு கோப்புக்கும் உரிமையாளர், குழு, மற்றையோர் என மூன்று தரப்பினர் உண்டு. வாசித்தல், எழுதுதல், இயக்குதல் என்ற மூன்று உரிமைகளும் ஒவ்வொரு தரப்புக்கும் தனித்தனியே வழங்கப்படும். பெயர்ப் பட்டியல் தவறான கையிற் கிடைத்தால் என்ன நடக்கும் என்பதை எமது மக்களுக்கு விளக்கத் தேவையில்லை. ஆகவே குடும்பப் பட்டியலை வாசிக்கும் உரிமையை அது தேவைப்படுவோருக்கு மட்டும் கொடுங்கள். 'ரூட்' என்ற பயனருக்கு எதையும் செய்யும் அதிகாரம் உண்டு. தேவையான வேலைக்கு மட்டும் அந்த அதிகாரத்தை எடுத்து, முடிந்ததும் விட்டுவிட வேண்டும்.

கட்டளைக் கோவை

மூன்றாம் பாடமே இத்தொழிலின் உயிர். சூடடித்து, தூற்றி, பின் அளக்கிறோம். ஒரு வேலையிலிருந்து வெளிவருவது அடுத்த வேலைக்குள் போகிறது. யுனிக்ஸிலும் இதே ஒழுங்குதான். டக் மக்கில்ராய் என்பவரின் யோசனைப்படி 1973இல் அதில் 'குழாய்' சேர்க்கப்பட்டது. ஒரு கட்டளையின் விளைவை அது அடுத்த கட்டளைக்குக் கொண்டு செல்லும்.

நானூறு குடும்பங்களின் பட்டியல் உள்ளதென்று வைப்போம். ஒரு வரிக்கு ஒரு குடும்பம். எந்தக் கிராமத்தில் எத்தனை குடும்பம் என்று அறிய வேண்டும். 'கட்' கிராமப் பெயர்களை மட்டும் பிரித்தெடுக்கும். 'சோர்ட்' ஒரே பெயர்களை அடுத்தடுத்து அடுக்கும். 'யுனிக்' அடுத்தடுத்து வரும் ஒரே பெயர்களை எண்ணும். கையால் அரைநாள் செல்லும் வேலை கண்மூடித் திறப்பதற்குள் முடியும். இக்கட்டளைகளை ஒரு கோப்பில் எழுதி வைத்தால் அதுவே ஸ்கிரிப்ட் எனப்படும் கட்டளைக் கோவை. 'குரொன்' என்ற காவற்காரனிடம் நேரத்தைச் சொல்லி ஒப்படைத்தால், கணனி இயங்கிக் கொண்டிருக்கும்வரை, நாம் உறங்கும் வேளையிலும் நாள்தோறும் அது காப்புப் பிரதி எடுக்கும்.

ஆனால் கட்டளைக் கோவை நாம் நினைப்பதைச் செய்யாது, எழுதியதையே செய்யும். 'ஆர்எம்' கட்டளையால் அழித்த கோப்பு குப்பைக் கூடைக்குள் போவதில்லை, ஒரேயடியாகப் போய்விடும். ஆகவே அழிக்கும் கட்டளை எதையும், முதலில் 'எக்கோ' மூலம் திரையில் எழுத வைத்துப் பார்த்த பின்பே இயக்குங்கள்.

பெரியவர்களுக்கும் வந்த சோதனை

2017 ஜனவரி 31ஆம் திகதி கிட்லாப் என்ற நிறுவனத்தில் நடந்ததைக் கேளுங்கள். இரவில் நெடுநேரம் பழுது பார்த்துக் கொண்டிருந்த பொறியியலாளர் ஒருவர், ஒரு சேவையகத்தில் அழிக்க வேண்டியதை மற்றதில் அழித்துவிட்டார். ஓரிரு விநாடிகளில் நிறுத்தியபோதும், ஏறக்குறைய 300 கிகாபைட் இருந்த இடத்தில் 4.5 கிகாபைட்டே எஞ்சியது. காப்புப் பிரதிகளைத் தேடினர். பிரதி எடுக்கும் கட்டளை, பதிப்புகள் பொருந்தாமையால், தோல்வியுற்று வந்திருந்தது. அதை அறிவிக்க வேண்டிய மின்னஞ்சல்களும் நிராகரிக்கப்பட்டிருந்தன. வேறு தேவைக்காக 6 மணி நேரத்துக்கு முன் கையால் எடுத்த பிரதியொன்றே அவர்களைக் காப்பாற்றியது. இடைப்பட்ட பதிவுகள் போனவை போனவையே. நிறுவனம் தன் தவறுகளை ஒளிக்கவில்லை. பிறர் படித்துக்கொள்ளும்படி எல்லாவற்றையும் எழுதி வெளியிட்டது.

இதிலிருந்து நாம் கற்பது என்ன? பிரதி எடுத்தால் போதாது, அதைத் திரும்ப எடுத்துப் பார்க்கவும் வேண்டும். முளைதிறன் பார்க்காமல் விதைப்போமா? மூன்று பிரதிகள், இரண்டு வகைச் சாதனங்கள், அவற்றில் ஒன்று வேறோர் இடத்தில். இதுவே இத்தொழிலின் பொது விதி.

எமது நாட்டிலும்

2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலையின் பின், எமது நாட்டின் கணனித் தொண்டர்கள் சேர்ந்து 'சகானா' என்ற திறந்த மூல மென்பொருளை உருவாக்கினார்கள். காணாமற் போனோர், முகாம்கள், உதவி நிறுவனங்கள், நிவாரணத் தேவைகள் ஆகியவற்றைப் பதிவு செய்ய அது உதவியது. 2005இல் பாகிஸ்தான் பூமியதிர்ச்சியின் போதும், 2006இல் பிலிப்பைன்ஸ் மண்சரிவின் போதும் அது அங்கு பயன்பட்டது. இங்கே விளைந்த விதை அங்கேயும் முளைத்தது.

பெற்றோரே, இதைக் கற்றால் நாளையே வேலை கிடைக்கும் என்று நாம் வாக்களிக்க மாட்டோம். பயிற்சிக்கு மாதங்கள் செல்லும், ஆங்கிலமும் ஓரளவு தேவை. ஆயினும் ஒரு பழைய கணனியும் நாளுக்கு ஒரு மணி நேரமும் போதும், தொடங்கலாம். மூன்று நான்கு இளைஞர் சேர்ந்து கற்பது நல்லது. உங்கள் கிராம அபிவிருத்திச் சங்கத்தின் அங்கத்தவர் பட்டியலையே முதற் பயிற்சியாக எடுங்கள். அதற்கு ஒரு காப்புப் பிரதி எடுத்து, வேறொரு கணனியில் அதைத் திறந்து பாருங்கள். அது சரியாகத் திறக்குமானால், அந்தத் தாயின் கேள்விக்கு எம்மால் சொல்ல முடியாத பதிலை எமது பிள்ளைகள் சொல்லத் தொடங்கிவிட்டார்கள் என்று கொள்ளலாம்.