உங்களுக்குத் தெரியுமா? விஷத்தில் பிறந்த மாத்திரை

பிரேசில் நாட்டில் ஜராரகா என்றொரு விரியன் உண்டு. தீண்டப்பட்டவரின் ரத்த அழுத்தத்தைச் சடுதியில் சரித்துவிடும் அதன் விஷத்தை 1960-களில் ஆராய்ந்த செர்ஜியோ ஃபெரெய்ரா என்னும் விஞ்ஞானி கண்டறிந்த அம்சமே, 1975-இல் அமெரிக்காவின் ஸ்குவிப் ஆய்வுக்கூடத்தில் குஷ்மன், ஒண்டெட்டி ஆகிய இருவரும் உருவாக்கிய கேப்டோபிரில் என்ற மருந்துக்கு வழிகாட்டியாயிற்று.

நம் தேகத்தில் ஆஞ்சியோடென்சின் என்ற பொருள் ரத்தக் குழாய்களைச் சுருக்கி அழுத்தத்தை ஏற்றுகிறது. அதனைப் பக்குவப்படுத்தும் நொதியைக் கட்டிப்போடுவதே இம்மருந்தும், இதன் வழிவந்த எனலாப்ரில், ராமிப்ரில் முதலியனவும் செய்யும் காரியம். ஆனால் பிராடிகினின் என்ற மற்றொரு பொருளைச் சிதைக்கும் உத்தியோகமும் அதே நொதிக்கு உண்டாகையால், நொதி முடங்கியதும் அப்பொருள் தேங்கி, சிலருக்குச் சளியில்லாத வறட்டு இருமலை விளைவிக்கிறது. சிரப் குடித்து, மார்பை எக்ஸ்ரே எடுத்து, அதிமதுரத்தை வாயில் அடக்கி (அதிமதுரம் அழுத்தத்தை ஏற்றக்கூடியது என்பது வேறு விஷயம்) அலைபவர்களில் சிலருக்கு, தாம் தினமும் விழுங்கும் மாத்திரையின்மீது சந்தேகமே எழுவதில்லை. வைத்தியர் அதனை லோசார்டான் என்ற வேறு மருந்து வகைக்கு மாற்றினால், பெரும்பாலும் சில வாரங்களில் இருமல் அடங்கிவிடும். தாமாக நிறுத்துவது மட்டும் ஆகாது. கர்ப்பிணிகளுக்கோ இவ்விரு வகைகளுமே விலக்கு.