அந்த 23 நாள்!

'விருந்தும் மருந்தும் மூணு நாளைக்குத்தான்' என்று நம்ம ஊர்ப் பெரிசுகள் வாயால் சொன்னதை, அமெரிக்காக்காரன் சட்டமாகவே எழுதி வைத்திருக்கிறான். நாலாவது நாளும் இலை முன்னால் உட்கார்ந்தால் இங்கே மாமியார் முகம் சுளிப்பதோடு சரி. அங்கே கம்ப்யூட்டர் குறித்துக்கொள்ளும். அதற்கு மறதியே கிடையாது!

எங்கள் ஆபீஸில் வெளிநாடு போகிறவர்களின் விசா பேப்பர்களைச் சரிபார்ப்பது என் வேலை. இரண்டு வருஷம் முன்பு, பக்கத்து செக்‌ஷன் இளைஞர் ஒருவர் வந்து நின்றார். கம்பெனி அவரை எல்-1 விசாவில் அனுப்ப இருந்தது. விண்ணப்பத்தில் ஒரு கேள்வி... 'அனுமதித்த காலத்துக்கு மேல் எப்போதாவது தங்கியதுண்டா?'

"இல்லைன்னு போட்டுடலாமா சார்?" என்றார், கிசுகிசுப்பாக.

"ஏன், தங்கினீங்களா?"

"போன தடவை பி-1 விசாவுல போனேன். வேலை முடிஞ்சதும் அக்கா வீட்ல... நயாகரா, நியூயார்க்னு ஒரு 23 நாள். விசாதான் பத்து வருஷத்துக்கு இருந்துச்சே சார்!"

பலபேர் வழுக்கி விழுகிற இடம் இதுதான். விசா என்பது கல்யாணப் பத்திரிகை மாதிரி. வாசல்வரை வரலாம், அவ்வளவுதான். எத்தனை நாள் தங்கலாம் என்பதை, விமான நிலையத்தில் இறங்கியதும் அங்குள்ள அதிகாரிதான் முடிவு செய்கிறார். அந்தத் தேதி இருக்கும் பதிவுக்கு ஐ-94 என்று பெயர். 2013 முதல் விமானத்தில் வருகிறவர்களுக்கு இது கம்ப்யூட்டரிலேயே பதிவாகிறது. நாமே இணையத்தில் பார்த்துக்கொள்ளலாம். பார்க்கத்தான் ஆளில்லை!

அந்தத் தேதியை ஒரு நாள் தாண்டினாலும், உள்ளே வரப் பயன்படுத்திய விசா சட்டப்படி செல்லாததாகிவிடும். 180 நாளுக்கு மேல், ஒரு வருஷத்துக்குள் என்றால், வெளியேறிய பிறகு 3 வருஷம் நுழைய முடியாது. ஒரு வருஷமோ அதற்கு மேலோ ஆனால் 10 வருஷம். 1996-ல் வந்த சட்டம் இது.

"திரும்பி வரும்போது பாஸ்போர்ட்ல யாரும் முத்திரை குத்தலையே சார்?" என்று கேட்டார் நண்பர்.

குத்த மாட்டார்கள்தான். பயணிகள் பட்டியலை விமான கம்பெனியே அனுப்பிவிடுகிறதே!

"தம்பி, 23 நாளுக்குத் தடை எதுவும் இல்லை. ஆனா, 'இல்லை'ன்னு பொய் எழுதி மாட்டினா, ஆயுசுக்கும் தடை. அப்புறம் ஒவ்வொரு தடவையும் விதிவிலக்கு கேட்டுக் கையேந்தணும்" என்றேன். அரை மணி நேரம் யோசித்து, 'ஆம்' என்று போட்டார். காரணத்தையும் நாலு வரியில் எழுதினார்.

ஜெமினி மேம்பாலத்துப் பக்கத்தில் உள்ள அமெரிக்கத் துணைத் தூதரகத்தில் நேர்முகம். அதிகாரி திரையைப் பார்த்தபடியே கேட்ட முதல் கேள்வி, "அந்த 23 நாள் எங்கே இருந்தீர்கள்?" விசா கிடைத்தது, ஆறு வாரம் கழித்து! அதற்குள் அவருடைய இடத்தில் வேறொருவர் விமானம் ஏறிவிட்டார். நண்பர் அடுத்த ப்ராஜெக்டில்தான் போனார். நயாகராவுக்குக் கொடுத்த விலை அது. பொய் சொல்லியிருந்தால் விலை இன்னும் எகிறியிருக்கும்.

ஐரோப்பாவும் இப்போது கறார். 2025 அக்டோபர் 12 முதல் கைரேகை, முகம் எல்லாவற்றையும் பதிந்து, நாள் எண்ண ஆரம்பித்துவிட்டார்கள். 180 நாளில் 90 நாள்தான் கணக்கு.

எனவே இளைஞர்களே, இறங்கிய அன்றே ஐ-94 தேதியைப் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். கூடுதலாகத் தங்கவேண்டிய அவசியம் வந்தால், அந்தத் தேதிக்கு முன்பே நீட்டிப்புக்கு விண்ணப்பியுங்கள். போர்டிங் பாஸைத் தூக்கிப் போடாதீர்கள். தேதி தாண்டிவிட்டதா? ஒளிக்காமல் எழுதுங்கள். தங்கினதைக்கூட மன்னிக்கிறார்கள், மறைத்ததைத்தான் மன்னிப்பதில்லை!