துகள்களுக்கு நடுவில் என்ன இருக்கிறது?

"அக்கா, இந்த உருண்டைக்கெல்லாம் நடுவுல என்ன இருக்கு?"

சனிக்கிழமைகளில் நான் தொண்டூழியராகச் செல்லும் துணைப்பாட வகுப்பில், தொடக்கநிலை நான்கு மாணவன் ஒருவன் கேட்டான். மடிக்கணினித் திரையில் வாயுத் துகள்கள் அங்குமிங்கும் பறந்துகொண்டிருந்தன.

"காற்றுதான்" என்று சட்டென்று சொல்லிவிட்டேன். அவன் அதை அப்படியே எழுதிக்கொண்டான்.

பேருந்தில் வீடு திரும்பும்போதுதான் உறைத்தது. காற்றே துகள்களால் ஆனது. அந்தத் துகள்களுக்கு நடுவில் வேறு காற்று எப்படி இருக்கும்? அங்கிருப்பது வெற்றிடம். பலதுறைத் தொழிற்கல்லூரியில் வேதியியல் படிக்கும் நானே தவறாகச் சொல்லிக்கொடுத்துவிட்டேன்.

நாங்கள் பயன்படுத்தியது, அமெரிக்காவின் கொலராடோ பல்கலைக்கழகம் இலவசமாக வழங்கும் 'ஃபெட்' இணையச் செயல்பாடு. 2002ல் இதைத் தொடங்கிய கார்ல் வீமனுக்கும் பொருளின் நிலைகளுக்கும் நெருங்கிய தொடர்புண்டு. 1995ல் அவரும் எரிக் கார்னெலும் ருபீடியம் அணுக்களைக் கடுமையாகக் குளிர்வித்து, 'போஸ்-ஐன்ஸ்டைன்' நிலை என்ற புதிய நிலையை உருவாக்கிக் காட்டினர். அதற்காக 2001ல் இயற்பியல் நோபல் பரிசையும் பகிர்ந்துகொண்டனர்.

செயல்பாடு எளிமையானது. நியான், ஆர்கன், ஆக்சிஜன், நீர் ஆகியவற்றில் ஒன்றைத் தேர்ந்தெடுத்து, சூடாக்கலாம் அல்லது குளிர்விக்கலாம். திடப்பொருளில் துகள்கள் நின்ற இடத்திலேயே அதிரும். திரவத்தில் ஒன்றையொன்று ஒட்டி நழுவும். வாயுவில் பிரிந்து ஓடும்.

புத்தகத்தில் உள்ள அசையாத படத்தைவிட இது எவ்வளவோ மேல். ஆனால், திரை எல்லாவற்றையும் விளக்கிவிடாது. சூடேற்றினால் துகள்களே பெரிதாகும், திடப்பொருளில் அவை அசையவே அசையா என்று பல பிள்ளைகள் நினைக்கிறார்கள். அதனால், பொத்தானைத் தொடுவதற்கு முன், "என்ன நடக்கும்?" என்று கேட்டு விடையை எழுதச் சொல்வேன். எழுதியதும் திரையில் தெரிவதும் வேறுபடும்போதுதான் உண்மையான பாடம் தொடங்குகிறது.

அடுத்த சனிக்கிழமை அந்த மாணவனிடம், "போன வாரம் அக்கா தப்பா சொல்லிட்டேன்" என்றேன். ஊசியில்லாத இரண்டு மருந்துக் குழல்களைக் கொடுத்தேன். ஒன்றில் காற்று, மற்றதில் நீர். நுனியை விரலால் அடைத்துத் தள்ளிப் பார்த்தான். காற்று அமுங்கியது, நீர் அசையவில்லை.

"காத்துல நடுவுல காலி இடம் நிறைய இருக்கு. அதான் கிட்ட வருது" என்றான். நான் எதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

பிறகு அவனே திரையில் நீரைத் தேர்ந்தெடுத்து உறைய வைத்தான். மூலக்கூறுகள் இடைவெளி விட்டு அடுக்காக நின்றன. நீர் உறையும்போது அதன் கனஅளவு ஏறத்தாழ 9 விழுக்காடு கூடுகிறது. "அதனாலதான் மைலோவுல ஐஸ் மிதக்குதா?" என்று அவன் கேட்டபோது எனக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை.

தம்பி தங்கைகளுக்குப் பாடம் சொல்லித்தரும் நண்பர்களே, திரையைக் காட்டுவதோடு நின்றுவிடாதீர்கள். கையால் தொட்டுப் பார்க்கவும் ஏதாவது கொடுங்கள். தவறாகச் சொல்லிவிட்டால் அதை ஒப்புக்கொள்ளுங்கள்.

அவன் தன் குறிப்பேட்டில் 'காற்று' என்பதை அடித்துவிட்டு, 'ஒன்றுமில்லை' என்று எழுதினான். உடனே அடுத்த கேள்வி வந்தது: "ஒன்னுமில்லைன்னா, அது எப்படிக்கா இருக்கும்?"

இம்முறை நான் அவசரப்படவில்லை.