மண்ணுக்கு உரியவர் யார்?

மாத்தளை மாவட்டத்தின் கிழக்கெல்லையிலே வில்கமுவ என்னும் பகுதி அமைந்துள்ளது. அதன் வடபால் வஸ்கமுவ வனம். கீழ்பால் மகாவலி கங்கை. ஆற்றைக் கடந்தால் மாவட்டம் மாறும், மாகாணமும் மாறும். இக்கரை மத்திய மாகாணம். அக்கரையில் ஊவா மாகாணமும், சற்று வடக்கே சென்றால் கிழக்கு மாகாணமும் உள்ளன. ஆறு ஒன்றே, அதன் நீரை உண்டு விளையும் நெல்லும் ஒன்றே. ஆயினும் அந்நீர் பாயும் நிலத்திலே எவரைக் குடியேற்றுவது என்ற வினா இந்நாட்டின் அரசியலை நெடுங்காலம் அலைக்கழித்து வந்திருக்கிறது.

அவ்வினாவின் வேரைத் தேடுவோர் 1840ஆம் ஆண்டுக்குச் செல்லல் வேண்டும். அவ்வாண்டிலே ஆங்கில அரசு இயற்றிய கட்டளைச் சட்டம் ஒன்று, காடும் தரிசும் பயிரிடப்படாத நிலமும் முடிக்கு உரியன என்று கொள்ளப்படும் எனக் கூறியது. சில ஆண்டுகளுக்கு ஒருமுறை காடு வெட்டிச் சேனைப் பயிர் செய்து, பின்னர் அந்நிலத்தை ஆறவிடும் மக்களுக்கு உறுதிப் பத்திரம் ஏது? பாட்டன் வெட்டிய சேனை என்பதற்குப் பாட்டன் வாய்ச்சொல்லே சான்று. அச்சான்று கச்சேரியிலே செல்லவில்லை. இவ்வாறு முடிக்குரியதான நிலமே சுதந்திரத்தின் பின்னர் அரச காணியாயிற்று. நிலம் அரசினுடையது என்றான பின், அரசு எவருடையது என்ற வினா எழுவது இயல்பே.

1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டமும், 1949இல் தொடங்கிய கல்லோயாத் திட்டமும் உலர் வலயத்திலே பெருங் குடியேற்றங்களுக்கு வழி திறந்தன. மலைநாட்டுச் சிங்கள விவசாயி, தன் முன்னோரின் நிலம் தோட்டங்களாக மாறியதால் தான் காணியற்றவன் ஆனதாகவும், பண்டைக் குளங்கள் தன் மன்னர் கட்டியவை என்றும் கூறினான். கிழக்கிலும் வடக்கிலும் வாழ்ந்த தமிழரும் முஸ்லிம்களும், தாம் தலைமுறை தலைமுறையாகப் பெரும்பான்மையினராய் இருந்த இடத்திலே தம்மைச் சிறுபான்மையினர் ஆக்கும் சூழ்ச்சியாகவே அதனைக் கண்டனர். இரு கூற்றிலும் உண்மை உண்டு. அதனாலேயே இச்சிக்கல் கடினமானது. ஒரு பக்கம் முழுப் பொய்யாயின் தீர்ப்பு எளிதாயிருக்கும். மலைத் தோட்டங்களிலே உழைத்த இந்திய வம்சாவளித் தமிழரோ, 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டத்தால் நாடற்றோராகி, பங்கு கேட்கும் பந்திக்கே அழைக்கப்படவில்லை.

1957 யூலையில் பண்டாரநாயக்காவும் செல்வநாயகமும் செய்த உடன்படிக்கை, குடியேறுவோரைத் தெரியும் அதிகாரத்தைப் பிரதேச சபைகளுக்கு வழங்க இசைந்தது. அடுத்த ஆண்டே அது கைவிடப்பட்டது. 1965இல் டட்லி சேனநாயக்காவும் செல்வநாயகமும் கண்ட உடன்பாடு, வடக்கு கிழக்கிலே முதலில் அம்மாவட்டத்துக் காணியற்றோர், அடுத்து அம்மாகாணங்களின் தமிழ் பேசும் மக்கள், அதன் பின்னரே ஏனையோர் என முறை வகுத்தது. அதுவும் நிறைவேறவில்லை. 1977இன் பின்னர், முப்பது ஆண்டுகளுக்கென வகுத்த மகாவலித் திட்டம் விரைவுபடுத்தப்பட்டது. குடும்பம் ஒன்றுக்கு வயல் இரண்டரை ஏக்கர், வீட்டுத்தோட்டம் அரை ஏக்கர் எனப் பகிர்வு தொடங்கிற்று.

1987ஆம் ஆண்டின் பதின்மூன்றாம் திருத்தம் மாகாண சபைகளை நிறுவியது. அதன் பின்னிணைப்பிலே, மாகாணங்களைக் கடந்து செல்லும் நீர்ப்பாசனத் திட்டங்களின் காணிகள் தேசிய இனவிகிதாசாரப்படி பகிரப்பட வேண்டும் என்று உள்ளது. கூடுமானவரை மாகாணத்தின் சனத்தொகைக் கோலம் பெரிதும் குலையாதிருக்க வேண்டும் என்றும் அதே பின்னிணைப்பில் உள்ளது. நேயர்கள் இதனைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். ஒரு மாகாணத்திலே நூற்றுக்கு எண்பதின்மர் தமிழ் பேசுவோர் என்று வைத்துக்கொள்வோம். நாட்டு மக்களில் ஏறத்தாழ நான்கில் மூவர் சிங்களவர். ஆங்கே நூறு காணிகளைத் தேசிய விகிதாசாரப்படி பகிர்ந்தால் எழுபத்தைந்து சிங்களக் குடும்பங்கள் வந்து சேரும், கோலம் குலையும். கோலத்தைக் காத்தால் விகிதாசாரம் குலையும். ஒரு திட்டத்திலே பெறாத பங்கை வேறொரு திட்டத்திலே பெறலாம் எனச் சட்டம் ஒரு வழியையும் காட்டியிருக்கிறது. வழி நன்றே, அவ்வேறு திட்டம் எங்கே, எப்பொழுது வரும் என்பதே கேள்வி.

இத்தகைய கணக்குப் பூசல் நமக்கு மட்டும் உரியதன்று. ஈராக்கு நாட்டின் வடக்கே கிர்க்குக் என்னும் நகரம் உண்டு. 1927இல் அதன் அருகே எண்ணெய் பீறிட்டது. குர்து மக்கள் அதனைத் தம் தாயகத்தின் இதயம் என்கின்றனர். துருக்மேனியர் அது தம் பழம்பதி என்கின்றனர். அரபு மக்களோ தமக்கும் அங்கே பங்குண்டு என்கின்றனர். 1957இல், நம் நாட்டிலே உடன்படிக்கை எழுதப்பட்ட அதே ஆண்டில், ஈராக்கில் எடுத்த குடிமதிப்பையே பலரும் நம்பத்தக்கதாகக் கொள்வர். அதன்படி நகரத்திலே துருக்மேனியரே மிகுதி. மாகாணத்தை முழுதாக எண்ணினாலோ குர்துகளே மிகுதி. எல்லையை எங்கே வரைகின்றோம் என்பதைப் பொறுத்துப் பெரும்பான்மையே மாறிவிடுகின்றது!

1970 மார்ச்சு 11ஆம் நாள் பக்தாது அரசும் குர்துத் தலைவர் முல்லா முஸ்தபா பர்சானியும் தன்னாட்சிக்கு இசைந்தனர். எவ்வெப் பகுதிகள் தன்னாட்சிக்குள் அடங்கும் என்பதைக் குடிமதிப்பு முடிவு செய்யும் என்றனர். அக்குடிமதிப்பு நடைபெறவில்லை. 1974இல் அரசு தானே வகுத்த தன்னாட்சிச் சட்டம் கிர்க்குக்கை விலக்கியது, போர் மூண்டது. அதன் பின்னர்க் குர்துகளும் துருக்மேனியரும் வெளியேற்றப்பட்டு, அரபுக் குடும்பங்கள் குடியேற்றப்பட்டன. 2005ஆம் ஆண்டின் யாப்பிலே 140ஆம் உறுப்புரை, வெளியேற்றப்பட்டோரை மீள அமர்த்தி, குடிமதிப்பு எடுத்து, 2007 முடிவதற்குள் வாக்கெடுப்பு நடத்தல் வேண்டும் என விதித்தது. அதுவும் நடைபெறவில்லை. 2017 செப்தெம்பரில் குர்துகள் தாமே தனிநாட்டு வாக்கெடுப்பு நடத்தினர். மூன்று வாரங்களுள் ஈராக்கியப் படை கிர்க்குக்கைக் கைப்பற்றியது. 2024 நவம்பரில் ஈராக்கு ஒருவாறு நாடளாவிய குடிமதிப்பை எடுத்து முடித்தது. ஆனால் இனம் யாது என்ற வினாவை அரசு கேளாதே விட்டது. கேட்டால் விடை வந்துவிடும் அல்லவா?

அங்கே சிஞ்சார் மலையருகே யசீதி மக்கள் வாழ்கின்றனர். அந்நிலத்தைப் பக்தாதும் உரிமை கோரும்; குர்துத் தன்னாட்சி அரசும் உரிமை கோரும். 2014 ஓகத்தில் கொலைஞர் படை வந்தபோது, உரிமை கோரிய இரு தரப்பாருள் எவர் படையும் அவர்களைக் காத்து நிற்கவில்லை. இரு பேரினங்கள் வழக்காடும் நிலத்திலே சிற்றினத்தின் நிலை அவ்வாறு ஆயிற்று.

மீண்டும் மகாவலிக் கரைக்கு வருவோம். வில்கமுவவுக்கு எதிர்க்கரையிலே ‘சி’ வலயம் என வழங்கும் குடியேற்றப் பகுதி உள்ளது. அதற்கும் மாதுறு ஓயாவுக்கும் இடைப்பட்ட காடுகளே வேடர் வேட்டையாடிய நிலம். அவர்கள் தம்மை வன்னியலெத்தோ, அதாவது காட்டு மக்கள், என்று அழைப்பர். உள்நாட்டு வேடர் பேச்சிலே சிங்களம் கலந்திருக்கும். மட்டக்களப்புக் கரையோர வேடர் பேசுவதோ தமிழ். ஆகவே இரு பேரினத்தாரும் அவர்களை உறவு கொண்டாடுவர். காணி பகிரும் வேளையிலே இருவரும் மறந்துவிடுவர். 1983 நவம்பரில் மாதுறு ஓயாத் தேசிய வனம் பிரகடனமாயிற்று. அன்று முதல், 1937ஆம் ஆண்டின் வனசீவராசிகள் சட்டப்படி, வேடன் தன் காட்டிலே அனுமதிச் சீட்டின்றி நுழைவதும் வேட்டையாடுவதும் குற்றமாயின. குடும்பங்கள் பல ‘சி’ வலயத்து ஹெனானிகலைக்கு மாற்றப்பட்டு, வயலும் வாய்க்காலும் பெற்றன. தேன் எடுத்தவர் கையிலே மண்வெட்டி கொடுக்கப்பட்டது. தம்பானையின் தலைவர் ஊறுவரிகே திசாஹாமியும் சில குடும்பங்களும் மட்டும் பெயர மறுத்தனர்.

நூறு காணிகளைத் தேசிய விகிதாசாரப்படி பகிர்ந்தால் வேடருக்கு வருவது ஒன்றுகூட இல்லை. அவர்கள் ஒரு மாகாணத்திலும் பெரும்பான்மையினர் அல்லர். எனவே தன்னாட்சியாலும் அவர்க்குப் பயன் இல்லை. எண்ணிக்கையை அளவுகோலாகக் கொண்ட எந்த ஏற்பாட்டிலும் அவர்களின் உரிமை சுழியமாகவே முடியும். ஆனால் அவர்கள் கேட்டது ஏக்கர்க் கணக்கன்று; தேன் எடுக்கவும் கிழங்கு அகழவும் முன்னோரை வழிபடவும் காட்டினுள் செல்லும் உரிமையே. நில உடைமை வேறு, நிலப் பயன்பாடு வேறு என்று பிரித்துணர்ந்தால், வனத்துக்கும் கேடின்றி அதனை வழங்கியிருத்தல் இயலும்.

1996இல் செனீவா நகரிலே, ஐக்கிய நாடுகள் சபையின் பழங்குடியினர் பணிக்குழுவின்முன் வேடரின் வழக்கு எடுத்துரைக்கப்பட்டது. 1998இல் திசாஹாமி மறைந்தபின் மகன் வன்னிலெத்தோ தலைமை ஏற்றார். மகாவலி அதிகார சபையின்கீழ் இருந்த றம்பகன் ஓயாப் பகுதிக் காடு சோளப் பயிர்ச்செய்கைக்காக அழிக்கப்படுவதை எதிர்த்து, 2020ஆம் ஆண்டில் அவர் சூழலியலாளரோடு சேர்ந்து மேன்முறையீட்டு நீதிமன்றிலே மனுச் செய்தார். பொல்லேபெத்தை வேடரின் பாரம்பரிய நிலம் என்று அம்மனு அக்காட்டைக் குறிப்பிட்டது. 1840இல் கச்சேரியிலே செல்லாத பாட்டன் வாய்ச்சொல், இம்முறை சத்தியக் கடதாசியாக நீதிமன்றத்தை அடைந்தது.