உங்களுக்குத் தெரியுமா? கூவைமாவு வாங்கும்முன்…

● மளிகைக் கடையில் ‘ஆரோரூட் மாவு’ என்று கேட்டு வாங்கும் பொட்டலத்தில் பல நேரம் இருப்பது சோளமாவு அல்லது மரவள்ளிக்கிழங்கு மாவு. எல்லாமே வெள்ளை. விரலிடையில் தேய்த்தால் எல்லாமே நறநறக்கும். அசல் கூவைமாவின் விலையோ சோளமாவைவிடப் பல மடங்கு. சோளமாவு விலைக்கே ‘ஆரோரூட்’ கிடைத்தால் சந்தேகப்படுவதில் தப்பே இல்லை.

● ஒரே பெயரில் விற்கும் மாவுக்கு ஒன்றுக்கு மேற்பட்ட செடிகள் மூலமாக இருக்கின்றன. ஒன்று மராண்டா அருண்டினேசியா. அமெரிக்கக் கண்டத்தின் வெப்பப் பகுதிகளிலிருந்து வந்த செடி இது. கேரளத்து வீட்டுத் தோட்டங்களில் ‘வெள்ளைக் கூவை’ என்று வளர்வது இதுதான். மற்றொன்று குர்குமா அங்குஸ்டிஃபோலியா. இது மஞ்சளுக்கு நெருங்கிய உறவு, நம் காடுகளிலேயே வளர்வது. சத்தீஸ்கரின் பஸ்தர் பகுதியில் இதன் மாவைத் ‘தீக்குர்’ என்பார்கள். அங்கே வெயில் காலத்துச் சர்பத்துக்கும் விரத நாள் பர்பிக்கும் அதுதான். நம் நாட்டு மருந்துக் கடைகளில் ‘கூகைநீறு’ என்று கேட்டால் தருவதும் கூவைமாவுதான். எந்தச் செடியின் மாவானாலும் அசலாக இருந்தால் நல்லதே. எது என்று பாக்கெட்டில் அச்சிட்டிருப்பவரை நம்பலாம். வெறும் ‘ஸ்டார்ச்’ என்று மட்டும் போட்டிருந்தால் கேள்வி கேளுங்கள்.

● ஏன் இவ்வளவு விலை? செய்முறையைப் பார்த்தால் புரிந்துவிடும். நட்டுப் பத்துப் பதினோரு மாதம் கழித்து, இலை பழுத்துச் சாயும்போது கிழங்கைத் தோண்டுவார்கள். மண் போகக் கழுவி, தோல் நீக்கி, துருவி அல்லது அரைத்து, நிறையத் தண்ணீரில் கரைத்துத் துணியில் வடிகட்டுவார்கள். சக்கை துணியில் தங்கிவிடும். பால் போன்ற தண்ணீர் பாத்திரத்தில் இறங்கும். அதை அசையாமல் வைத்தால் மாவு அடியில் படியும். மேல் தண்ணீரைச் சாய்த்துவிட்டுப் புதுத் தண்ணீர் ஊற்றிக் கலக்கி மறுபடி படிய விட வேண்டும். தெளிந்த தண்ணீர் நிறமின்றி வரும்வரை இதையே திரும்பத் திரும்பச் செய்வார்கள். மஞ்சள் உறவான கூவைக்குக் கசப்பும் உண்டு. அது போவதற்கு இன்னும் கூடுதலாக அலச வேண்டும். பிறகு வெயிலில் காயவைத்துக் கட்டிகளை உடைத்தால் மாவு. கிழங்கின் எடையில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்குதான் மாவுச்சத்து. வீட்டு முறையில் அதுவும் முழுமையாகக் கைக்கு வராது. இத்தனை பேர் கை பட்ட பொருளுக்கு அந்த விலை கொடுக்கத்தான் வேண்டும் என்பது என் எண்ணம்.

● அயோடின் சொட்டு விட்டுப் பார்த்தால் அசலா போலியா என்று தெரியாது. சோளம், மரவள்ளி, உருளை, கூவை என எல்லா மாவுச்சத்தும் அயோடின் பட்டால் நீலமாகும்.

● வீட்டில் செய்யக்கூடிய ஓரளவு நல்ல சோதனை, காய்ச்சிப் பார்ப்பதுதான். ஒரு மேசைக்கரண்டி மாவை ஒரு கப் பச்சைத் தண்ணீரில் கரைத்து, சிறு தீயில் கிளறுங்கள். கூவைமாவு கண்ணாடி போலத் தெளிந்து, மணமே இல்லாமல் நிற்கும். சோளமாவு வெண்மை மாறாமல் மங்கலாக இருக்கும், லேசான தானிய வாடையும் வரும். மரவள்ளி மாவும் தெளியும். ஆனால் கரண்டியைத் தூக்கினால் நூல் போல இழுபடும். உறுதியான விடை வேண்டுமானால் நுண்ணோக்கிதான் வழி. சோளத்தின் துகள் பல கோணங்களோடும், மரவள்ளியின் துகள் ஒரு பக்கம் வெட்டினாற்போலவும், மராண்டாவின் துகள் முட்டை வடிவிலும் இருக்கும்.

● அந்த நுண்ணோக்கி வேலையை முதலில் ஊரறியச் செய்தவர் ஆர்தர் ஹில் ஹசல் என்ற ஆங்கில மருத்துவர். 1850-களின் லண்டனில் கடைகளில் விற்ற உணவுப் பொருள்களை வாங்கி, துகள் வடிவத்தை வைத்தே கலப்படத்தைக் கண்டுபிடித்தார். உருளைக்கிழங்கு மாவும் மரவள்ளி மாவும் சவ்வரிசி மாவும் ஆரோரூட் என்ற பெயரில் விற்கப்பட்டதை அம்பலப்படுத்தினார். முடிவுகள் ‘லான்செட்’ இதழில் வெளிவந்தன, 1855-ல் நூலாயின. பிரிட்டனில் 1860-ல் உணவுக் கலப்படத் தடைச் சட்டம் வந்ததற்கு அவர் வேலை பெரிய காரணம். இந்த மாவின் கலப்படம் அவ்வளவு பழையது!

● அந்தக் காலத்து இங்கிலாந்தில் நோயாளி வீட்டுக்குக் கொடுத்தனுப்பும் பண்டம் ஆரோரூட். ஜேன் ஆஸ்டின் 1815-ல் வெளியிட்ட ‘எம்மா’ நாவலில், உடல் நலமில்லாத ஜேன் ஃபேர்ஃபாக்ஸுக்கு எம்மா உயர்ந்த ரக ஆரோரூட் அனுப்புகிறாள். அரை மணி நேரத்தில் அது திரும்பி வந்துவிடுகிறது. இருவருக்கும் இடையிலான மனவிலகலைச் சொல்ல ஆசிரியைக்கு ஒரு பொட்டலம் மாவு போதுமாக இருந்திருக்கிறது.

● கரீபியன் கடலின் செயின்ட் வின்சென்ட் தீவுக்கு 1900 முதல் 1965 வரை முக்கிய ஏற்றுமதிச் சரக்குகளில் ஒன்று இந்த மாவு. கரும்பு சரிந்தபோது அதன் இடத்தைக் கூவை பிடித்தது. உணவுக்கு மட்டுமா? 19-ஆம் நூற்றாண்டில் புகைப்படம் அச்சிடும் தாளுக்கும் இதைப் பூசினார்கள்.

● கேரளத்தில் தனு மாதத் திருவாதிரை (நமக்கு மார்கழி) பெண்கள் அரிசிச் சோறு தவிர்த்து விரதம் இருக்கும் நாள். அன்று கூவைப்பொடி இல்லாத வீடு குறைவு. கிழங்கு தோண்டும் பருவமும் அதுவே. செய்முறை எளிது: அரை கப் கூவைமாவை இரண்டரை கப் தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்து, வடிகட்டிய வெல்லப்பாகு சேர்த்து, சிறு தீயில் கைவிடாமல் கிளற வேண்டும். வெள்ளைக் கரைசல் திடீரென்று கெட்டிப்பட்டுப் பளபளக்கும். அப்போது தேங்காய்த் துருவல், ஏலக்காய்ப் பொடி, பிடித்தால் நறுக்கிய பழம் சேர்த்து இறக்கலாம். நெய் தேவையே இல்லை. அந்தப் பளபளப்பு வரும் நேரத்தில் அடுப்பைவிட்டு நகர்ந்தால் அடி பிடித்துவிடும்.

● கொதிக்கும் குழம்பில் மாவை நேராகத் தூவினால் வெளியே வெந்து உள்ளே பச்சையாகக் கட்டி தட்டும். எப்போதும் பச்சைத் தண்ணீரில் கரைத்து, கடைசியில் ஊற்ற வேண்டும். இரண்டு மேசைக்கரண்டி மைதா போடும் இடத்தில் ஒரு மேசைக்கரண்டி கூவைமாவு போதும். சோளமாவுக்குப் பதிலாக என்றால் ஏறக்குறைய அதே அளவு. கெட்டிப்பட்டதும் இறக்கிவிடுங்கள்; நெடுநேரம் கொதித்தால் கெட்டித்தன்மை உடைந்து மறுபடி நீர்த்துவிடும். தக்காளி சூப், எலுமிச்சை, பழச்சாறு போன்ற புளிப்பானவற்றுக்கு இது அருமை: நிறம் மங்காது, மாவு ருசியும் தெரியாது. பால் மிகுந்த சாஸ்களில் மட்டும் கொழகொழப்பு வரலாம், அதற்குச் சோளமாவே மேல்.

● 100 கிராம் கூவைமாவில் 357 கலோரி, 88 கிராம் மாவுச்சத்து, 3 கிராமுக்குச் சற்று மேல் நார்ச்சத்து. புரதம் 0.3 கிராம்தான். ‘ஃபோலேட் நிறைந்தது, கர்ப்பிணிகளுக்கு மிக நல்லது’ என்று பாக்கெட்டில் படித்தால் ஏமாற வேண்டாம். 100 கிராம் பச்சைக் கிழங்கில் 338 மைக்ரோகிராம் ஃபோலேட் இருப்பது உண்மை. மாவாக்கும்போது அலசி அலசி எல்லாம் தண்ணீரோடு போய்விட, மிஞ்சுவது 7 மைக்ரோகிராம். கிழங்கின் பெருமையை மாவின் மேல் ஏற்றி விற்கிறார்கள். கர்ப்பிணிகள் விஷயத்தில் இது வெறும் மிகை அல்ல, ஆபத்து. மருத்துவர் தரும் ஃபோலிக் அமில மாத்திரைக்கு இது மாற்றில்லை.

● ‘கிழங்கு மாவு, சர்க்கரை நோய்க்கு நல்லது’ என்பதையும் நம்பி இறங்க வேண்டாம். நன்றாக வெந்து குழைந்த மாவுச்சத்துக் கஞ்சி ரத்தச் சர்க்கரையை ஏற்றும். வெல்லம் சேர்த்தால் கேட்கவே வேண்டாம்.

● வயிற்றுப்போக்குக்குக் கூவைக் கஞ்சி என்பது பாட்டி வைத்தியம். குடல் எரிச்சல் நோயால் வயிற்றுப்போக்கு உள்ளவர்களிடம் 2000-ல் வெளியான ஓர் ஆய்வு ஓரளவு பலன் கண்டது. ஆனால் அதில் இருந்தவர்கள் 11 பேர் மட்டுமே. எளிதில் செரிக்கும், வயிற்றுக்கு இதமானது என்பது வரை சரி. உடலை விட்டுப் போகும் நீரையும் உப்பையும் கஞ்சி ஈடு செய்யாது. அதற்கு ஓ.ஆர்.எஸ். கரைசல்தான். பெரும்பாலான பொட்டலங்களை 1 லிட்டர் கொதித்து ஆறிய தண்ணீரில் முழுதாகக் கரைக்க வேண்டும். உறையில் உள்ள அளவைப் பார்த்துக்கொள்ளுங்கள், கண்ணளவில் கலக்காதீர்கள். குழந்தை சோர்ந்து கிடந்தாலோ, மலத்தில் ரத்தம் வந்தாலோ கஞ்சி காய்ச்சிக்கொண்டிருக்காமல் மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓடுங்கள்.

● ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டுமே. அதன்பின் கூவைக் கஞ்சி ஊட்டலாம், ஆனால் அதுவே உணவாகிவிடக் கூடாது. புரதமே இல்லாத கஞ்சியால் குழந்தையின் வயிறு நிறையும், உடம்பு தேறாது. வேகவைத்து மசித்த பாசிப்பருப்பும் ஒரு சொட்டு நெய்யும் சேர்த்துக் கொடுங்கள்.

● கொல்கத்தாக்காரர்கள் தேநீரில் தோய்த்துச் சாப்பிடும் ஆரோரூட் பிஸ்கட்டில் பெரும்பங்கு மைதாதான். கோதுமை ஒத்துக்கொள்ளாதவர்கள் பெயரைப் பார்த்து வாங்கிவிட வேண்டாம். கூவைமாவில் இயல்பாகக் குளூட்டன் கிடையாது. ஆனாலும் கோதுமை அரைக்கும் அதே ஆலையில் பொட்டலமிட்டால் ஒட்டிக்கொள்ளும். சீலியாக் நோய் உள்ளவர்கள் ‘குளூட்டன் இல்லாதது’ என்ற குறிப்பைத் தேடி வாங்க வேண்டும்.

● புது மாவு வாங்க நல்ல காலம் தை, மாசி. குமரி மாவட்டத்திலும் கேரள எல்லை ஊர்களிலும் கிழங்கு பயிரிடுபவர்களிடமோ மகளிர் குழுக்களிடமோ நேரில் வாங்க முடிந்தால் வாங்குங்கள். பாக்கெட் என்றால் 14 இலக்க உணவுப் பாதுகாப்பு உரிம எண், பொருள் பட்டியல், தயாரித்த தேதி மூன்றையும் பாருங்கள். ஈரம் படாத கண்ணாடிப் புட்டியில், காய்ந்த கரண்டி போட்டு எடுத்தால் ஓராண்டுக்கு மேலும் கெடாது. பூசண வாடை அடித்தால் மட்டும், எவ்வளவு விலை கொடுத்து வாங்கியிருந்தாலும், சலித்துப் பயன்படுத்தப் பார்க்காமல் கொட்டிவிடுங்கள்.