கீசருக்குள் சுண்ணாம்புக் கல்!

கீசரைப் போட்டதும் உள்ளே "கடகட" என்று சத்தம் கேட்கிறதா? குழாயில் வெந்நீர் மெலிந்து வருகிறதா?

மெக்கானிக்கைத் திட்டாதீர்கள். உங்கள் வீட்டுத் தண்ணீரைப் பாருங்கள்!

ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் பாறை இடுக்குகளில் ஊறி வருவது. வரும் வழியில் சுண்ணாம்புச் சத்தையும், மக்னீசியத்தையும் கரைத்துக்கொண்டு வருகிறது. அரியலூர் போல, பூமிக்கடியில் சுண்ணாம்புக் கல் நிறைந்த இடம் என்றால் கேட்கவே வேண்டாம். இதுதான் கடின நீர். உப்புக் கரிக்காவிட்டாலும், "உப்புத் தண்ணீர்" என்றே சொல்கிறோம். அதில் சோப்பு நுரைக்காது. பருப்பு வேக நேரமாகும்.

குடிதண்ணீரின் கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும் என்கிறது, இந்திய தர நிர்ணய அமைவனம். வேறு தண்ணீரே கிடைக்காத இடத்தில் 600 வரை போகலாம்.

பாட்டியும் புளியும்

பச்சைத் தண்ணீரில் இந்தச் சுண்ணாம்பு கண்ணுக்குத் தெரியாது. சூடு ஏறினால், கல்லாகப் பிரிந்துவிடும். வெந்நீர்த் தவலையின் அடியில் வெள்ளையாகப் படியுமே, அதேதான்! பாட்டி அதைப் புளி போட்டுத் தேய்த்து எடுத்தார். புளிப்புக்குச் சுண்ணாம்பு கரையும். ஆனால், கீசருக்குள் யார் கையை விடுவது?

அங்கே அது சூடேற்றும் கம்பியின் மேல் ஓடு போல் ஒட்டுகிறது. ஓட்டின் இடுக்கில் சிக்கிய தண்ணீர் கொதித்துக் குமிழி வெடிக்கிறது. நீங்கள் கேட்ட "கடகட" சத்தம் அதுதான். கம்பியின் சூடு தண்ணீருக்கு எளிதில் போகாது. கம்பி தானே காய்ந்து காய்ந்து, ஒரு நாள் எரிந்துபோகும்.

கம்பி போனால் வேறு வாங்கலாம். வால்வு அடைத்தால்?

குட்டி வால்வு

கீசரோடு சேர்ந்த குழாயில் ஒரு குட்டி வால்வு இருக்கும். உள்ளே அழுத்தம் மிஞ்சினால், அதை வெளியே விடுவது இதன் வேலை. சூட்டைக் கட்டுப்படுத்தும் கருவி பழுதாகி, தண்ணீர் கொதித்துக்கொண்டே இருந்தால், இந்த வால்வுதான் கதி. அதையும் சுண்ணாம்பு அடைத்துவிட்டால் கீசரே வெடிக்கும்!

ஆகவே உப்புத் தண்ணீர் வீட்டில், ஆண்டுக்கு ஒரு முறை மெக்கானிக்கை வைத்து கீசரைத் திறந்து சுத்தம் செய்யுங்கள். நீங்களே திறக்க வேண்டாம். வால்வையும் பார்க்கச் சொல்லுங்கள். உள்ளே மக்னீசியக் கம்பி ஒன்று உண்டு. தொட்டி துருப்பிடிக்காமல், தான் கரைந்து காப்பாற்றுவது அது. தேய்ந்திருந்தால் மாற்றுங்கள். சூட்டை 60 டிகிரிக்கு மேல் வைக்காதீர்கள். சூடு ஏற ஏறப் படிவும் ஏறும்.

வாளியில் போடும் ஹீட்டர் கம்பியா? பிளக்கைப் பிடுங்குங்கள். கம்பி ஆறட்டும். வெள்ளை படிந்த சுருளை மட்டும் எலுமிச்சைச் சாறு கலந்த தண்ணீரில் அரை மணி நேரம் வையுங்கள். சுண்ணாம்பு நுரைத்துக் கரையும். நல்ல தண்ணீரில் கழுவி, ஈரம் உலர்ந்த பிறகே திரும்ப மாட்ட வேண்டும்.